நூலாசிரியரும் மறுப்புரையும்

நூலியற்றுவார்க்கு நேரும் இடர்கள் பல. நல்ல ஏடு கிடையாமை, கிடைத்த ஏட்டிற் பொருள் விளங்காமை, விளங்கியதனை அச்சேற்றுதற்குக் கைப்பொருளின்மை என்பன அவற்றுட் சில. இவற்றையெல்லாம் ஆற்றிக்கொண்டு நூலை முடித்து வெளியிட்ட பின்னர் வருவதோர் இடர் உண்டு. அஃது, அந்நூலைக் கற்றாரொருவர் ‘இது பிழையுடைத்து’ என எழுதி வெளியிடும் மறுப்புரையாம். முன்னை இடர்களைப் பொறுத்த புலவருட் பலர் இவ்வொன்றனைப் பொறாது நிலைகலங்கினமை தமிழ்நூல் வரலாற்றிற் காணக்கிடக்கின்றது. ஆதலின், தம் நூலைப் பிறர் மறுத்துழி நூலாசிரியர் ஒழுகுமாறு யாங்ஙனம் என்பதனை, முன்னோர் வரலாறு சிலகொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

இப்பொருளை யாம் எடுத்துக்கொண்டமைக்குக் காரணமாயிருந்தது எம்பாலுள்ள தவறொன்று. அதனை அதற்குரிய இடத்திற் கூறுதும்.

மறுப்பு நூலுக்குப் புறம்பன்று

முதற்கண் ஓருண்மை தெளியற்பாலது. மறுத்தல் என்பது நூலுலகிற்கு அயலேயிருந்து வந்து புகுந்த ஒன்றன்று. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தின்கண் நூலுக்குரிய எழுவகை மதங்களை எண்ணுமிடத்து, பிறர் கொள்கைக்கு உடன்படுதலை முன்னும், மறுத்தலை அதன் பின்னும் வைத்தனர். பிறர் நூலின்கண் உள்ள குற்றத்தை எடுத்துக்காட்டுதலையும் அவ்வேழனுள் ஒன்றாகவே கொண்டனர். அதன்பின் நூற்குற்றம் பத்தென வகுத்து, குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல் முதலாக ஒவ்வொன்றற்கும் பெயரிட்டனர். குற்றத்திற்குப் பெயரிட்டதன் பயன் என்னை? நூல் செய்வான் தானே அவற்றைக் கண்டு விலக்குதல் ஒன்று. அவன் காணாது விட்டவழிக் கற்போன் அதனைச் சுட்டிச் சொல்லுதற்கு ஒரு சொல் வேண்டும் என்பது மற்றொன்று. எனவே, நூலிலக்கணம் வகுத்த ஞான்றே மறுப்பார்க்கும் இருக்கை இடப்பட்டதென்க.

அவையடக்கமும் இக்கருத்துப்பற்றியே எழுந்தது. தொல்காப்பியனார் செய்யுளியலில் அவையடக்கியலைத் தனித்து ஓதினர். அதனைப் பிற்காலத்தார் சிலர் வழக்கம் நோக்கிப் பாடும் ஒரு முகமன் அளவாகவே கருதிவிட்டனர். உண்மையில் அவையடக்கம் என்பது ஆசிரியன் தன் கைப்பட எழுதித் தரும் ஓர் உடன்படிக்கையாம். ‘என் நூலிற் குற்றம் உண்டு, பொறுத்தும் திருத்தியும் கொள்மின்’ என்று அவன் அவையோர்க்கு முன்னரே உறுதி கூறுகின்றான். அவர் அங்ஙனமே ஒரு குற்றத்தைக் காட்டிய அன்று, அவையடக்கம் பாடிய அதே வாயால் அவையோரை வைதல் எத்துணை முரண்! நூலின் முதலேட்டில் எழுதியதனை அவ்வாசிரியன் மறந்தான் போலும் என உலகம் நகும்.

சித்தாந்த நூல்களை நோக்குவார்க்கு இது பின்னும் இனிது விளங்கும். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாக வகுத்தனர். பரபக்கத்தின்கண் உலகாயதன் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினான்கு மதத்தார் கொள்கைகளையும் எடுத்து ஆராய்ந்தனர். அவ்விடத்து ஒவ்வொருவர் கொள்கையையும் அவரவரே வந்து கூறினாற்போல முதலில் நிறுத்தி, அதன் பின்னரே மறுத்தனர். உமாபதி சிவாசாரியர் சகம் 1235இல், அஃதாவது கி. பி. 1313இல், இயற்றிய சங்கற்ப நிராகரணமும் மாறுபட்ட கொள்கைகளை எடுத்து நிறுத்தி ஆராய்வதேயாம். இங்ஙனம் பிறரை மறுத்து வளர்ந்த நம் மரபினர், பிறர் தம்மை மறுத்துழிப் பொறாராயின், அஃது அறமாகாது. அளந்த நாழியாலேயே அளக்கப்படுதற்கு இசைதல் வேண்டும்.

அரங்கேற்றமும் தடையும்

அச்சுப்பொறி வருதற்கு முன்னர் மறுப்புரை நிகழும் இடம் அரங்கேற்ற அவையேயாம். பனம்பாரனார் கூறிய பாயிரத்தால் தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியமை அறிகின்றோம். ஆசிரியனும் அவையிலிருப்பன், தடை நிகழ்த்துவானும் எதிரேயிருப்பன். வினாவும் விடையும் ஒருங்கே நிகழும். விடை கூறவியலாதாயின் நூல் அவ்விடத்தே நிற்கும்.

காஞ்சிக் குமரகோட்டத்தில் கந்தபுராணம் அரங்கேறிய செய்தி நம்மவர் யாவரும் கேட்டறிந்தது. கச்சியப்ப சிவாசாரியர் முதற்செய்யுளைக் கூறிப் பொருள் உரைக்கத் தொடங்கினார். அவையிலிருந்த புலவர் ஒருவர், அச்செய்யுளின் முதற்சொற்கள் புணர்ந்த புணர்ச்சிக்கு இலக்கண விதி யாண்டுளது என வினாவினார். அந்நிலையில் ‘முருகப்பெருமான் எடுத்துக்கொடுத்த முதல் இது’ எனக் கூறி ஆசிரியர் அத்தடையை அடக்கியிருத்தல் கூடும்; அவையும் அஞ்சி அடங்கியிருக்கும். ஆயினும் வினாவியவர் கேட்டது விதி. அருளைக் காட்டி விதியை மறைத்தல் முறையன்று. விடை கிடைக்குங்காறும் அரங்கேற்றம் நின்றது. மறுநாட் சோணாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் வீரசோழியத்தைக் கொணர்ந்து, அதன் சந்திப்படலத்தில் அப்புணர்ச்சிக்கு விதியிருத்தலைக் காட்டினார் என்பதும், அதன்பின் அரங்கேற்றம் தொடர்ந்தது என்பதும் கன்னபரம்பரை.

இவ்வரலாற்றில் நாம் உற்றுநோக்கற்பாலன இரண்டு. ஒன்று, தடை எழுந்தவுடன் ஆசிரியர் தடுத்தவரை நோக்காது தடுக்கப்பட்ட சொல்லை நோக்கியமை. மற்றொன்று, சைவ புராணமொன்றன் முதற்செய்யுளைக் காத்த வீரசோழியம், வீரராசேந்திர சோழன் காலத்தே புத்தமித்திரர் என்னும் பௌத்தர் இயற்றியதாதல். சான்று எவர் கையினின்று வரினும் சான்றேயாம்.

ஆலவாயில் நிகழ்ந்தது

இனி, மானிட ஆசிரியரை விடுத்து, நூலாசிரியனாய் எழுந்தருளிய ஆலவாய்ப்பெருமான் திறத்தை நோக்குவாம். தருமிக்குப் பெருமான் ஈந்தருளிய பாட்டு இன்று குறுந்தொகையில் இரண்டாவதாக நிற்பது. அதனைச் சங்கத்தில் நக்கீரர் பொருட்குற்றமுடைத்தென விலக்கினர். பரஞ்சோதி முனிவர் இதனையொட்டி நான்கு திருவிளையாடல்களை அடுத்தடுத்து வைத்தார். தருமிக்குப் பொற்கிழி அளித்தது முதலாவது. கீரனைக் கரையேற்றியது இரண்டாவது. கீரனுக்கு இலக்கணம் உபதேசித்தது மூன்றாவது. சங்கத்தார் கலகந் தீர்த்தது நான்காவது.

நெற்றிக்கண்ணைத் திறந்தமையையே பலரும் எடுத்துப் பேசுவர். அஃது இவ்வரலாற்றின் நடுவே வருவதன்றி முடிவன்று. முடிவு யாது? பொற்றாமரையில் வீழ்ந்த நக்கீரரைப் பெருமான் கரையேற்றினான். அகத்தியரைக்கொண்டு அவர்க்கு இலக்கணம் அறிவித்தான். தன் பாட்டைக் குறைகூறியவனுக்கு அப்பாட்டின்வழியே அறிவு பெருகச் செய்தது பெருமான் திருவுள்ளம். சங்கத்தார்க்குள் தம் தம் பாட்டே உயர்ந்ததெனக் கலகம் எழுந்தபொழுதும் அதனைத் தீர்த்துவைத்தான்.

மற்றொரு நுட்பமும் உண்டு. பதினோராந் திருமுறையின் தொடக்கத்தே நிற்பது திருவாலவாயுடையார் அருளிய திருமுகப்பாசுரம். அத்திருமுறையினுள்ளேயே நக்கீரதேவ நாயனார் பெயரால் திருமுருகாற்றுப்படை முதலிய பாடல்களும் உள. பாட்டருளிய பெருமானும், மரபின்படி அப்பாட்டைக் குற்றங்கூறிய புலவரும் ஒரு திருமுறைக்கண் உடனிருக்கின்றனர். மறுத்தவனை வெளியே தள்ளாது உள்ளே இருத்தியது சைவத்திருமுறை. இதனின் மேலானதொரு விடை மறுப்புரைக்கு யாண்டும் இல்லை.

சூறாவளிக்குப் பின்

பதினேழாம் நூற்றாண்டில் திருவாரூர் வைத்தியநாத தேசிகர் இலக்கண விளக்கம் என்னும் பேரிலக்கணத்தை இயற்றினார். ஐந்திலக்கணமும் அடங்கியமையின் அதனைக் ‘குட்டித் தொல்காப்பியம்’ என்றும் வழங்குவர். அடுத்த நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்து மாதவச் சிவஞான முனிவர் அந்நூலை எடுத்து மறுத்து ‘இலக்கண விளக்கச் சூறாவளி’ என ஒன்று எழுதினார். பெயரே அதன் வன்மையைப் புலப்படுத்தும். வைத்தியநாத தேசிகர் அப்பொழுது இவ்வுலகில் இல்லை. விடை கூறுதற்கு அவர்க்கு வாயில்லை.

எனினும் விளைந்தது யாது? சூறாவளி எழுந்து நூறாண்டின் பின்னர், 1889ஆம் ஆண்டில், யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள் இலக்கண விளக்கத்தை அச்சிற் பதிப்பித்தார்கள். இன்று தமிழிலக்கணம் ஆழ்ந்து கற்பார் இரண்டனையும் உடன்வைத்தே கற்கின்றனர். சூறாவளி வீசியும் மரம் நின்றது. மரம் நின்றமையாற் சூறாவளியின் திறமும் மறக்கப்படவில்லை. நூலுக்கு உயிருண்டாயின், ஆசிரியன் விடைகூற இல்லாதவிடத்தும் அந்நூல் தானே தனக்கு விடையாம். உயிரில்லையாயின், ஆசிரியன் நூறு விடை எழுதினும் அது நில்லாது.

சிவஞான முனிவர் மறுத்ததோடமையாது, பிறர் மறுப்புக்களுக்கு விடையும் எழுதியவர். சித்தாந்த மரபு கண்டன கண்டனம் அத்தகையது. ‘கம்பராமாயண முதற்செய்யுட் சங்கோத்தர விருத்தி’ என்னும் அவரது சிறுநூலின் பெயரிலேயே அவ்வகை விடையின் முறை அடங்கியுள்ளது: சங்கை என்பது ஐயவினா, உத்தரம் என்பது விடை. ஐயம் முதலில் முழுவதும் உரைக்கப்படும். பின்னரே விடை வரும். ஐயத்தைக் குறைத்துக் கூறித் தன் விடையைப் பெருக்கிக் காட்டுதல் வாதமுறை அன்று.

அச்சு வந்த பின்னர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சுப்பொறி பரவியது. அரங்கேற்றம் என்னும் வழக்கம் தளர்ந்தது. முன்னர் நூல் வெளிப்படுதற்கு முன்பு நிகழ்ந்த தடை, இப்பொழுது வெளிப்பட்ட பின்பு நிகழலாயிற்று. எதிரேயிருந்து கேட்டவர் தொலைவிலிருந்து எழுதுவாராயினர். முகம் நோக்கிக் கூறுங்கால் தானே வரும் நாகரிகம், முகம் காணாது எழுதுங்காற் பலர்க்கும் வாராதாயிற்று. துண்டுத்தாள்களும் சிறுசுவடிகளும் மறுப்பு, மறுப்பின் மறுப்பு எனப் பெருகின.

இதற்குச் சைவவுலகம் நெடுங்காலம் நினைந்து வருந்தும் சான்றொன்று உண்டு. 1867ஆம் ஆண்டில் இராமலிங்க அடிகளாரின் திருவருட்பாவின் முதற்பகுதி வெளிவந்தது. அப்பெயரும் திருமுறை எனப் பகுத்தலும் பொருந்துமோ என ஆறுமுக நாவலரவர்கள் சார்பினர் தடை எழுப்பினர். ‘போலியருட்பா மறுப்பு’ வெளிவந்தது. எதிர்மறுப்புக்கள் எழுந்தன. 1869இல் வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. அடிகளார் 1874இலும் நாவலரவர்கள் 1879இலும் உலகு நீங்கினர். பூசல் மட்டும் நீங்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா. கதிரைவேற்பிள்ளையவர்கள் ஒருபுறமும், கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலரவர்கள் மற்றொருபுறமுமாக அது மீண்டும் மூண்டது. மீண்டும் நீதிமன்றத்தை அடைந்தது.

அடிகளாரும் நாவலரவர்களும் நாம் கைகூப்பி வணங்கத்தகும் பெரியோர். எவர்பக்கம் நேர்மை என்பதனை ஆராய்தல் இக்கட்டுரையின் கருத்தன்று. யாம் காட்ட விழைவது ஒன்றே. திருமுறை என்னும் பெயர் எதற்கு உரியது, அருளிய பாட்டென்று எதனைக் கொள்வது என்பன ஆராயத்தகும் நல்ல வினாக்கள். அவை அமைதியாக ஆராயப்பட்டிருப்பின் சைவர்க்கு ஒரு தெளிவு கிட்டியிருக்கும். வினா நூலினின்றும் நழுவி ஆளைப் பற்றியவுடன், அத்தெளிவு கைக்கூடாது போயிற்று, எஞ்சியது பகை. இரு பெரியோர் நூல்களுள் ஒன்றனையும் திறந்து பாராதவரும் அப்பகையிற் பங்குகொண்டனர்.

சிந்தாமணி கண்ட இருவர்

இனி, இதற்கு மாறாக நிகழ்ந்ததொன்றனைக் காண்பாம்.

சீவகசிந்தாமணிக்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர் சைவர், மதுரை அந்தணர். அவர் அக்காப்பியத்திற்கு முதலில் ஓர் உரை எழுதிச் சைனரிடங் காட்டினர் என்றும், தம் சமயநூற் பொருளொடு பொருந்தாவிடங்கள் அதன்கண் உளவென்று அவர் அதனை ஏலாராயினர் என்றும், அதன்மேல் அவர் சைன நூல்களை முறையாகப் பயின்று மீட்டும் ஓர் உரை எழுதினர் என்றும் வழிவழி வருஞ் செய்தி ஒன்றுண்டு. இன்று நாம் பயில்வது அவ்விரண்டாம் உரையாம் என்பர். தொல்காப்பியத்திற்கும் பத்துப்பாட்டிற்கும் கலித்தொகைக்கும் உரைகண்ட பேரறிஞர் ஒருவர், ‘நும் உரை பொருந்தாது’ எனக் கேட்டு, ‘எமக்குத் தெரியாததா’ என்னாது, மாணாக்கராய்ச் சென்றமர்ந்தார் என்பதனை எண்ணிப் பார்க்க.

அச்சிந்தாமணியையே பல நூற்றாண்டின்பின் அச்சில் ஏற்றியவர் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள். அவர்கள் திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்டவர்கள். அந்தாதியும் பிள்ளைத்தமிழும் புராணமும் நிரம்பக் கற்றவர்கள். 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் கும்பகோணத்தில் முன்சீபாயிருந்த சேலம் இராமசாமி முதலியாரவர்களைக் கண்டபொழுது, தாம் கற்ற நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார்கள். முதலியாரவர்கள் அவற்றை ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. அவற்றிற்கு முற்பட்ட பழைய நூல்களைக் கற்றதுண்டோ என வினாவினார்கள். அதுவும் ஒரு மறுப்புரையே. ஒரு நூலை மறுத்ததன்று, ஒருவர் கல்வி முழுவதனையும் குறையுடைத்தெனக் காட்டியது. ஐயரவர்கள் அதனைப் பொறுத்து, முதலியாரவர்கள் தந்த சிந்தாமணியைப் பயிலத் தொடங்கினார்கள். விளங்காதவற்றைக் கும்பகோணத்துச் சைனரிடஞ் சென்று கேட்டறிந்தார்கள். உரையாசிரியர் சென்ற வழியே பதிப்பாசிரியரும் சென்றார் என்க.

ஏழாண்டு உழைப்பின் பின்னர் 1887இற் சிந்தாமணி வெளிவந்தது. புகழ்ந்தார் பலர், உடனே கண்டனங்களும் அச்சாகி உலவின. ஐயரவர்கள் மனம் புண்பட்டு விடையெழுத முற்பட்டதும், கும்பகோணம் கல்லூரியில் உடனாசிரியராயிருந்த சாது சேஷையரவர்கள் அதனை வெளியிடவொட்டாது தடுத்து, அவ்வுழைப்பை வேறு நல்ல பணியிற் செலுத்துமாறு அறிவுறுத்தியதும், ஐயரவர்களே தம் சரித்திரத்தின்கண் எழுதியிருக்கும் செய்திகள். விடைக்கு விடையும் அதற்கோர் எதிர்விடையுமாகக் காலம் கழியும் என்பதனை அந்நண்பர் உணர்ந்திருந்தார்.

அவ்வறிவுரையின் விலை யாதென்பதனை ஆண்டுக்கணக்காற் காட்டலாம். பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும், ஐங்குறுநூறு 1903இலும், பதிற்றுப்பத்து 1904இலும் ஐயரவர்கள் பதிப்பாக வெளிவந்தன. 1907இற் சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பும், 1922இல் மூன்றாம் பதிப்பும் வந்தன. கண்டனத்தாள்களை இன்று தேடினும் காண்டல் அரிது. அவற்றிற்கு விடையாக எழுதப்பட்டிருக்கக்கூடிய தாள்களும் அங்ஙனமே மறைந்திருக்கும். பதிப்புக்கள் நிலைத்தன. பிழை என ஒருவர் கூறியவழி, அடுத்த பதிப்பே அதற்குச் செவ்விய விடை என்பது இவ்வரலாற்றால் இனிது பெறப்படும்.

எம் தவறு

இவையெல்லாம் கற்றும் யாம் ஒழுகியது வேறு. மடத்திற் பாடங்கேட்டு வந்து சிலவாண்டு கழிந்தபின், சித்தாந்த சாத்திரத்துள் ஒன்றற்குக் குறிப்புரையொன்று எழுதி வெளியிட்டேம். ஒரு திங்களிதழில் அதற்கு மதிப்புரை வந்தது. எழுதியவர் முதிய புலவர். அவர் கூறியன இரண்டு. சுத்ததத்துவம் ஐந்தனுள், ஈசுரத்தில் ஞானம் மிகும் என்றும் சுத்தவித்தையிற் கிரியை மிகும் என்றும் யாம் எழுதியது தலைமாறாம் என்பது ஒன்று. மடத்திற் கேட்டதனை ஒப்பித்ததன்றி இவ்வுரையிற் புதுவது ஒன்றும் இல்லை என்பது மற்றொன்று.

முதலாவது முழுவதும் உண்மை. சாதாக்கியத்தில் ஞானமும் கிரியையும் ஒத்து நிற்கும். ஈசுரத்திற் கிரியை மிகும். சுத்தவித்தையில் ஞானம் மிகும். முதற்பாடங் கேட்கும் மாணவனும் இதனை அறிவன். இரண்டாவதோ எம்மைச் சுட்டது. அச்சூட்டினாற் கண்மறைந்து, பதினாறு பக்கங்கொண்ட விடையொன்று எழுதி அச்சிட்டேம். அதன்கண் இரண்டாங் கூற்றைப் பதினைந்து பக்கம் மறுத்தேம். முதற்கூற்றை ‘அது வெறும் அச்சுப்பிழை’ என ஒரு வரியில் தள்ளினேம். அஃது அச்சுப்பிழை அன்று. எம் கையெழுத்துப் படியிலும் அவ்வாறே இருந்தது. இருத்தலை அறிந்தே அங்ஙனம் எழுதினேம்.

ஆண்டுகள் சில சென்றபின் மாணவன் ஒருவன் அக்குறிப்புரையைக் கையிற்கொண்டு வந்து, அப்பகுதியைப் படித்து ஐயம் வினாவினான். விடை நாவில் எழவில்லை. எம் பிழையை அவனிடம் ஒத்துக்கொண்டு, அன்றே அம்முதியவர்க்கு எழுதக் கருதினேம். அவர் முன்னைய ஆண்டே சிவபதம் அடைந்தாரெனப் பின்னர்த் தெரிந்தது. நன்றி கூறவேண்டிய ஒருவரை வைது, மீட்டுங் கூறுதற்கு இடமின்றிப் போயினேம். இக்கட்டுரை ஒருவாற்றான் அக்கடனின் ஒரு பகுதி.

புண்பட்டது எது?

அன்று புண்பட்டது நூலோ, யாமோ? நூல் புண்படவில்லை, அது திருத்தம் பெற்றது. புண்பட்டது ‘யான்’ என்பதும் ‘எனது’ என்பதுமேயாம்.

மெய்கண்டார் மாணாக்கர்க்கு ஆணவத்தின் இயல்பை அறிவுறுத்திக்கொண்டிருந்தபொழுது, சகலாகம பண்டிதர் ஆண்டு வந்து, ஆணவமலத்தின் வடிவம் யாதென வினாவினர். மெய்கண்டார் வாய்திறவாது அவரையே நோக்கினர். ஆண்டில் முதியவர், குலகுருவாயிருந்தவர், ஆகமங்கள் அனைத்தும் கற்றவர் என்னும் மூன்று பெருமையும் அந்நோக்கத்தில் உருகிவிழ, சகலாகம பண்டிதர் அடியில் வீழ்ந்து அருணந்தியாயினர். அவர் சினந்து திரும்பியிருப்பின் சிவஞான சித்தியார் நமக்குக் கிடைத்திராது. தன்னைக் குறித்த ஒரு சுட்டினை ஏற்றுக்கொண்டதனாற் பிறந்தது அந்நூல்.

எனவே மறுப்புரை கையில் வந்தவுடன் ஆசிரியன் முதற்கண் வினாவவேண்டியது, ‘இவ்வம்பு தைத்தது பொருளையோ, என்னையோ’ என்பதாம். ஒரு மறுப்புரையிலேயே இரண்டும் கலந்திருத்தல் உண்டு. எமக்கு வந்தது அத்தகையதே. அவற்றை நெல்லும் பதருமாகப் பிரித்தல் வேண்டும்.

பொருளைத் தைத்ததாயின், அதனைத் தன் கைப்படியின் ஓரத்தில் அன்றே எழுதிவைக்க. உண்மையாயின் அடுத்த பதிப்பில் திருத்துக; திருத்தினவிடத்துக் காட்டியவர் பெயரையும் குறிக்க. ஐயமாயின், தன்னினும் கற்றார் ஒருவரை அடுத்து வினாவுக. பிழையாயின், அதனாற் சாத்திரப்பொருள் திரிந்து கற்பார் மயங்குவரோ என நோக்கி, மயங்குவராயின் மட்டும் விடை எழுதுக. அவ்விடையில் எதிரியின் கூற்றைப் பரபக்க முறையில் முழுவதும் எடுத்து நிறுத்துக. பெயரைக் குறைத்தும் கூற்றைச் சிதைத்தும் எழுதற்க. எழுதியதனை நண்பர் ஒருவர்க்குக் காட்டி, அவர் வேண்டா என்பராயின் அடங்குக. ஒரு விடையோடு அமைக. விடையின் விடை எழுதற்க.

அம்பு தன்னைத் தைத்ததாயின், அதற்கு அச்சில் இடமில்லை. திருநீற்றைப் பூசிக்கொண்டு பூசையறையிற் சிறிது பொழுது அமர்ந்திருத்தலே அதற்கு மருந்து.

மறுப்புரை எழுதுவார்க்கும் ஒன்று கூறி அமைவாம். நன்னூலார் எழுவகை மதத்துள் உடன்படலை மறுத்தலுக்கு முன்வைத்தமை வீணன்று. ஒருவன் நூலில் நன்றென்று காணத்தக்கதனை முதலிற் கண்டு கூறுவார் மறுப்பு, கைப்பாயினும் மருந்தாய்ச் செல்லும். எம்மை மறுத்த அம்முதியவர் உரையிலும் அவ்வொன்றிருந்தது. குறிப்புரையின் மேற்கோள்கள் செம்மையாக எடுக்கப்பட்டுள்ளன என முதல்வரியிலேயே எழுதியிருந்தார். சினத்தால் அவ்வரியை அன்று யாம் படிக்கவில்லை. மாணவன் வந்துபோன பின்னரே அதனைப் படித்தேம்.